தேக்கம் கால்வாயும் அந்த நூறு ரூபாயும்

கடைசிவாய்க்கால்:
நேற்று இங்கே எங்கள் மன்னார்க் கட்டுக்கரைக் குளத்தைப் பற்றி "கணக்கன்" எழுதியிருந்தார்: "1984இல் ஏக்கருக்கு நூறு ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டுக்கரைக் கமக்காரர் கட்டவில்லை. அதனால்தான் இன்று வாய்க்கால்கள் தூர்ந்து கிடக்கின்றன." வாசித்த நேரத்திலிருந்து மனம் கொதிக்கிறது. 1984 எப்படிப்பட்ட ஆண்டு தெரியுமா? அந்த டிசம்பரில் முருங்கன் பக்கம் சனத்தைச் சுட்டுப் போட்டார்கள். என் அப்பு அப்போதும் மண்வெட்டியோடு வாய்க்கால் கட்டில் நின்றவர். ரசீதுப் புத்தகத்தோடு எவரும் வந்ததை நான் பார்க்கவில்லை.

கணக்கன்:
கோபம் வேண்டாம் அண்ணை. 1984இல் அரசாங்கம் பெரிய குளங்களுக்குப் பராமரிப்புக் கட்டணம் கொண்டுவந்தது. ஏக்கருக்கு 100 ரூபாயில் தொடங்கி, படிப்படியாக 200 ஆக்குவது திட்டம். முதலில் கொஞ்சம் சேர்ந்தது, பிறகு நாடு முழுக்கப் படுத்துவிட்டது. 1988இல் கொள்கையே மாறியது. குளமும் தலைவாய்க்காலும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு, கிளை வாய்க்காலும் வயல் வாய்க்காலும் கமக்காரர் அமைப்புக்கு. உங்கள் வாய்க்காலில் பற்றை வளர்ந்தால் அது உங்கள் பற்றை.

கடைசிவாய்க்கால்:
"நாடு முழுக்க" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பிறகு ஏன் எங்களை மட்டும் பிடித்தீர்கள்? நூறு ரூபாயை எங்களிடம் யார் கேட்டார்? எந்த ஊரில், எந்தக் கூட்டத்தில்?

அருவியாறு:
பராமரிப்பு எது, புனரமைப்பு எது என்று முதலில் பிரிப்போமா? புல் வெட்டுவது, தண்ணீர் திறந்து மூடும் துருசுக்குக் கிரீஸ் பூசுவது ஒன்று. தேக்கம் அணையிலிருந்து கட்டுக்கரைக்கு அருவியாற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் கால்வாயை ஆழமாக்குவது வேறு. முதலாவதை அமைப்பு செய்யலாம். இரண்டாவதை நூறு ரூபாய் சேர்த்துச் செய்ய முடியாது. இன்னொன்று: 200 ஏக்கருக்கு உட்பட்ட சிறு குளம் கமநலத் திணைக்களத்தின் கையில், பெரியது நீர்ப்பாசனத்தின் கையில். கட்டுக்கரையின் கீழே நூற்றுக்கு மேல் சிறு குளங்கள். நடுவில் ஒரு வாய்க்கால் உடைந்தால் யாரிடம் போவது?

முருங்கன் பெடியன்:
அதை விடுங்கோ. நூறு ரூபாய் போகத்துக்கா, வருசத்துக்கா?

கணக்கன்:
வருடத்துக்கு. ஏக்கருக்கு நூறு. அதுகூடக் கட்டவில்லை.

கடைசிவாய்க்கால்:
மறுபடியும் "கட்டவில்லை"! கமநல சேவை நிலையத்தில் ஏக்கர் வரி கட்டுகிறோம். அமைப்புக்குச் சந்தா கட்டுகிறோம். சிரமதானத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போகிறோம். அதெல்லாம் காசில்லையா? எங்கள் துருசின் திருகுத் தண்டு வளைந்துவிட்டது. பலகையும் சாக்கும் வைத்துத்தான் அடைக்கிறோம். சிறுபோகத்தில், அதுதான் கோடைப் பயிரில், என் தண்ணீர் முறை இரவு இரண்டு மணிக்கு வரும். டோர்ச்சோடு போனால் வாய்க்காலில் கணுக்கால் நனையாது. மேலே ஏறிப் பார்த்தால் வாழைமட்டையும் சேறும் வைத்து மறித்திருக்கும்.

முருங்கன் பெடியன்:
மறித்தது யார்? பெயரைச் சொல்லுங்கோ. மேல்வாய்க்கால்காரரைப் பொதுவாகக் கள்ளராக்க வேண்டாம். போன சிறுபோகம் எங்கள் பக்கமும் காய்ந்ததுதான்.

கடைசிவாய்க்கால்:
உங்கள் பக்கம் காய்ந்ததா? அறுவடை மெஷின் ரோட்டை மறித்து நின்றதை நான் கண்ணால் பார்த்தேன் தம்பி.

தூரதேசம்:
நான் ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். 1832இல் ஆங்கிலேயர் ராஜகாரியம் என்ற கட்டாய ஊழியத்தை ஒழித்தார்கள். அதோடு ஊர்கூடிக் குளம் கட்டும் வழக்கமும் தளர்ந்தது. பிறகு அவர்களே 1856இல் சட்டம் போட்டு அந்தப் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். காசு பெரிய விசயமில்லை, ஒற்றுமைதான் இல்லை. எங்கள் பரம்பரை கட்டிய குளத்தை நீங்கள் காக்க வேண்டாமா?

கடைசிவாய்க்கால்:
"நீங்கள்" காக்க வேண்டும், "எங்கள்" பரம்பரை கட்டியது! ஊருக்கு வந்தால் கோயில் கோபுரத்துக்குப் பெயர் பொறித்துக் காசு கொடுக்கிறீர்கள். வாய்க்காலுக்கு ஒரு லோட் கல் தந்தவர் எத்தனை பேர்? 2008இல் கையில் பிள்ளையோடு ஓடினோம். திரும்பி வந்தபோது எது வாய்க்கால் கட்டு, எது காடு என்று தெரியவில்லை. கத்தியால் வெட்டி வெட்டித்தான் கட்டைக் கண்டுபிடித்தோம். நீங்கள் அங்கே ஒற்றுமையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

தூரதேசம்:
இதைச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. நான் ஏன் வெளிக்கிட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அருவியாறு:
ஐயாமார், பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் திறக்கும் திகதிக்குத்தான் சண்டை. வாய்க்கால் துப்புரவுக்குக் கணக்கு வாசித்து நான் கேட்டதில்லை. அமைப்பின் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். அதிலிருந்து தொடங்கலாம்.

கணக்கன்:
கணக்கு வாசித்தால் நான் சொன்னதுதான் வெளிவரும். கட்டாதவர் பட்டியல்.

முருங்கன் பெடியன்:
மேல்வாய்க்காலில் நாங்கள் கட்டினோம்.

கடைசிவாய்க்கால்:
1984இலா? உங்களுக்கு அப்போது வயது என்ன? கணக்கன், கடைசியாகக் கேட்கிறேன். கட்டுக்கரையில் அந்த நூறு ரூபாய்க்கு எழுதிய ஒரு ரசீதையாவது இங்கே போடுங்கள். என் முறைத் தண்ணீர் இன்று இரவு. போய்விட்டு வந்து பார்க்கிறேன்.

கணக்கன்:
ரசீது இல்லை. நானும் அதைத்தானே சொல்கிறேன். கட்டவில்லை.