புதுப்பிப்பு: அப்பாவின் அக்கியும் அசைக்ளோவிர் மாத்திரையும்

பாம்பனில் மீன்பிடிக்கும் என் அப்பாவுக்கு விலாவில் அக்கி கண்டதையும், நாட்டு வழக்கப்படி அதன்மேல் காவி எழுதினால் போதுமா, மாத்திரை வேண்டுமா என்று வீட்டில் எழுந்த குழப்பத்தையும் முன்பு இங்கே எழுதியிருந்தேன். கொப்புளம் தோன்றிய மறுநாளே மருத்துவரிடம் சென்றதால், 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிர் தொடங்க முடிந்தது: 800 மில்லிகிராம், நாளுக்கு 5 வேளை, 7 நாள்.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் உறங்கிக் கிடந்து, பின்னாளில் அக்கியாக எழுகிறது. வைரஸ் தொற்றிய செல்லுக்குள் அந்த வைரஸின் நொதியே இம்மருந்தை முதலில் செயலூட்ட, அது வைரஸின் வளரும் டி.என்.ஏ. (மரபுப்பொருள்) இழையில் போலிக் கண்ணியாகச் சேர்ந்து, இழை மேலும் நீளாதபடி தடுக்கிறது. அடுத்த முடிச்சுக்கு நூல் விடாத கண்ணி என்று நான் சொன்னதும், வலை பின்னும் அப்பாவுக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் நரம்பில் உறங்கிக் கிடக்கும் வைரஸை இம்மருந்து ஒழிப்பதில்லை.

குமட்டலும் தலைவலியும் இரண்டு நாள் இருந்தன. என்னை உண்மையில் அச்சுறுத்தியது சிறுநீரகம்தான். உடலில் நீர் குறைந்தால் மருந்து அங்கே படிகமாகப் படியக்கூடும். படகில் அப்பா தண்ணீரே குடிக்கமாட்டார் என்பதால், கடலுக்கு அனுப்பாமல் கட்டிலருகே செம்பு நிறையத் தண்ணீர் வைத்து, மணிக்கொரு முறை குடிக்கச் சொன்னோம். சிறுநீரகம் சரியாக இயங்குகிறதா என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் மருத்துவர் பார்த்தார், சரியாகவே இருந்தது.

இப்போது கொப்புளங்கள் பொருக்குத் தட்டிவிட்டன. சட்டை உரசினால் மட்டும் இன்னும் எரிகிறது என்கிறார். அந்த நரம்பு வலிக்காக அடுத்த வாரம் மறுபடியும் மருத்துவரைப் பார்க்கிறோம்.