1942ல பீரங்கிய வெள்ளைக்காரன் பக்கமே திருப்புன கதை உண்மையா?

உவரிக்காரன்:
எங்க தாத்தா கொழும்பு புறக்கோட்டைல பலசரக்குக் கடைல நின்னவிய, 42ல ஜப்பான்காரன் குண்டு போட்டதும் எல்லாத்தயும் அப்படியே போட்டுட்டு ஊர் வந்து சேந்துட்டாவ. இலங்கைப் பையங்க ஏதோ ஒரு தீவுல பீரங்கிய வெள்ளைக்காரன் பக்கமே திருப்பப் பாத்தாங்க, மூணு பேர தூக்குல போட்டாச்சுன்னு அடிக்கடி சொல்லுவாவ. ஆச்சி உடனே "சும்மா அளக்காதிய"ன்னுரும். இது எம்டன் (முதல் உலக யுத்தத்து ஜெர்மன் போர்க்கப்பல்) கதையோட கலந்து போச்சோன்னு எனக்கு டவுட்டு. தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க.

கொக்கிரகுளம்:
தாத்தா அளக்கல வே. இந்தியப் பெருங்கடல்ல இருக்க கொகோஸ் தீவுக் கூட்டத்துல ஹார்ஸ்பர்க்னு ஒரு தீவு, அங்க சிலோன் கேரிசன் ஆர்ட்டிலரின்னு இலங்கைப் பீரங்கிப் படை, ரெண்டு 6 இஞ்ச் பீரங்கி வச்சு கடலுக்குக் காவல் இருந்தானுவ. சிங்கப்பூர் பிப்ரவரில விழுந்தாச்சு, பையங்களுக்கு வெள்ளை ஆபீசர் மேல ஏற்கெனவே கடுப்பு. மே 8 ராத்திரி கிராஷியன் பெர்னாண்டோ தலைமைல எந்திரிச்சிட்டானுவ, ஆபீசர்கள மடக்கி, பீரங்கிய பக்கத்து டைரக்‌ஷன் தீவு பக்கம் திருப்பி, ஜப்பான்காரனுக்கு சிக்னல் குடுக்கணும்னு பிளான். கையில இருந்த பிரென் மெஷின் துப்பாக்கி சிக்கிக்கிச்சு, எல்லாம் போச்சு. செத்தது கூட இருந்த சிலோன் பையன் ஒருத்தன்தான், அதுதான் கொடுமை. ஏழு பேருக்கு மரண தண்டனை எழுதி, மூணு பேர ஆகஸ்ட் 5, 7, 8னு கொழும்பு வெலிக்கடை ஜெயில்ல தூக்குல போட்டாங்க.

பேட்டை பாய்:
எம்டனும் சும்மா கலக்கல பாத்துக்கிடுங்க. 1914 செப்டம்பர் 22 மெட்ராஸ்ல எண்ணெய் டேங்க்க கொளுத்துன அதே கப்பல், நவம்பர் 9 அதே டைரக்‌ஷன் தீவுல தந்தி கேபிள அறுக்க ஆள இறக்கும்போதுதான் ஆஸ்திரேலியா கப்பல் சிட்னிகிட்ட மாட்டுச்சு. அந்தக் கேபிள் ஸ்டேஷன காக்கத்தான் அடுத்த யுத்தத்துல பீரங்கியே வந்துச்சு. ஒரு குண்டு 45 கிலோ, காவலுக்கு வச்சதயே திருப்புனா ஸ்டேஷன் தாங்குமா?

மேலப்பாளையம்:
தியாகினுலாம் தூக்காதீங்க, ஜப்பான்காரன் பர்மால நம்மாளுகள என்ன பாடு படுத்துனான்னு தெரியும்லா.

கொக்கிரகுளம்:
நான் எங்க வே தியாகின்னேன்? அந்த யுத்தத்துல பிரிட்டிஷ் காமன்வெல்த் படைல கலகத்துக்காகத் தூக்குல ஏறுனது இவனுவ மூணு பேர்தான், அத மட்டும் சொல்லுதேன். பீரங்கி இன்னும் அந்தத் தீவுலயே துருப்பிடிச்சுக் கிடக்கு.

உவரிக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. ஆச்சிட்ட வாசிச்சுக் காட்டுனேன், "அந்த மனுசன் ஒண்ணாவது உண்மை சொல்லிருக்காவளே"ங்குது.