காட்டில் வேலையே இல்லாத காடோடி: ரேஞ்சர் பாத்திர வகையைத் திருத்த உதவி தேவை

கேள்வி (உப்புவெளியிலிருந்து)

வணக்கம். நாங்கள் ஐந்து பேர் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு வீட்டு விறாந்தையில் கூடி, நாங்களே எழுதிய மாய உலகமொன்றில் மேசைப் பாத்திர விளையாட்டு ஆடி வருகிறோம்: நான் கதையை நடத்துவேன், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் முடிவெடுப்பார்கள். ஆறுமுகப் பகடை இரண்டை உருட்டி அதனுடன் திறன் எண்ணைக் கூட்டுவோம். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி. வீரன், மந்திரவாதி, கள்வன் ஆகிய வகைகள் நன்றாகவே ஓடுகின்றன. நான்காவதாக, காட்டு வழியும் தடமும் அறிந்த, ரேஞ்சர் என்று சொல்லப்படும் வகையைக் 'காடோடி' என்ற பெயரில் எழுதினேன். அதுதான் சரிவரவில்லை.

தான் தேர்ந்துகொண்ட நிலத்தில் காடோடி வழி தவற மாட்டான், குழுவுக்கு உணவும் தேடித் தருவான். அங்கே அவனுடைய திறன் எண் 2 இலிருந்து 4 ஆக உயரும். கூடவே ஒரு வேட்டை நாயும் வரும். என் மச்சான் இந்தப் பாத்திரத்தை எடுத்துக் காட்டைத் தன் நிலமாகத் தேர்ந்தான். முதல் ஆட்டத்தின் நான்கு நாள் காட்டுப் பயணத்துக்காக நான் இரண்டு வாரம் இருந்து வரைபடம் கீறினேன். வழி தவறவும் பட்டினி கிடக்கவும் இடமில்லாததால், "நான்காம் நாள் மாலை போய்ச் சேர்ந்தீர்கள்" என்ற ஒரே வசனத்தில் அந்தப் பயணம் முடிந்துவிட்டது. இரண்டாம் ஆட்டம் துறைமுக நகரில் நடந்தது. மச்சான் இரண்டு மணி நேரம் பகடையைத் தொடவே இல்லை. மூன்றாம் ஆட்டத்தில் நாய்க்கும் தனி முறை கொடுத்ததால் சண்டை இழுபட்டது, நாய் செத்துவிடுமோ என்ற பயத்தில் அவன் அதைக் கடைசி வரை பின்னாலேயே நிறுத்தி வைத்தான். அம்பின் சேதத்தில் 2 கூட்டிப் பார்த்தபோது, அப்படியானால் தனக்கு இனி என்ன வேலை என்று வீரனை ஆடுபவர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். நான் எங்கே பிழை விட்டேன் என்று யாராவது சொல்ல முடியுமா?

பதில் (திருகோணமலை நகரிலிருந்து)

ஒரு நிலத்துக்குப் பதிலாக இரண்டு நிலங்களைத் தேர விடுங்கள். ஒன்றைக் காடாகவும் மற்றதை நகரமாகவும் வைத்தால், எந்த ஆட்டத்திலும் அவருக்கு வேலை இருக்கும்.

கேட்டவர்

நன்றி அண்ணா. ஆனால் ஒரு நிலத்தில் பயணம் காணாமற் போனதுதானே எங்கள் சிக்கல். இரண்டு நிலங்களைக் கொடுத்தால் இரண்டிலும் காணாமற் போகும் என்று பயப்படுகிறேன்.

பதில் (கிண்ணியாவிலிருந்து)

தம்பி, உங்கள் பயம் சரியானது. இந்தக் குறை உங்களுக்கு மட்டும் வந்ததன்று. ரேஞ்சர் 1975 இல் ஓர் இதழ்க் கட்டுரையின் வழியாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பெயர்பெற்ற மேசைப் பாத்திர விளையாட்டுக்குள் வந்தது. அந்த விளையாட்டின் 2014 ஆம் ஆண்டுப் பதிப்பிலும், ரேஞ்சர் தனக்குப் பழக்கமான நிலத்தில் குழுவை வழிநடத்தினால் மந்திரத்தாலன்றி வழி தவறாது, உணவு தேடினால் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்றே விதி இருந்தது. நீங்கள் எழுதியதும் ஏறத்தாழ அதுவே. அதற்கு மாற்றான விதிகளை அவர்களே 2020 இல் வெளியிட்டார்கள்.

முதலில் கணக்கைப் பாருங்கள். திறன் எண் 2 என்றால் 36 இல் 26 தடவை, அதாவது 72 விழுக்காடு வெற்றி. அதை 4 ஆக்கினால் 36 இல் 33, ஏறத்தாழ 92 விழுக்காடு. இதற்குமேல் பகடையை உருட்டுவது வெறும் சடங்கு. ஆயினும் பெரிய பிழை எண்ணில் இல்லை. காடோடியின் அறிவு தடையைத் திறந்து காட்ட வேண்டும். உங்கள் விதி தடையையே அழித்துவிடுகிறது.

எங்களுக்குக் கந்தளாய்ப் பக்கம் வயல் இருந்தது. வேளாண்மை விளையும் காலத்தில் வாப்பா பரணில் காவல் இருப்பார். நான் சிறுவனாக அவருடன் போவேன். விடிந்ததும் அவர் இறங்கி வரம்போரமாக நடந்து, ஈர மண்ணில் பதிந்த யானையின் முன்னங்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றை வைத்து அளப்பார். அந்தச் சுற்றளவின் இரு மடங்குதான் யானையின் தோள் உயரம். பிறகு தடத்தின் விளிம்பை விரலால் தொட்டு, அது கூர்மையாக நிற்கிறதா உதிர்ந்துவிட்டதா என்று பார்ப்பார். தடத்துக்குள் பூச்சி ஊர்ந்த கோடு இருந்தால் யானை போய் நேரமாகிவிட்டது என்பார். இலத்தியின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். இவ்வளவும் தெரிந்த பின்னரும் அன்றிரவு எந்த மூலையில் தீ மூட்டுவது, யானை வெடியை யாரிடம் கொடுப்பது என்று அவர் முடிவெடுத்தே ஆக வேண்டியிருந்தது. அந்த முடிவெடுப்பைத்தான் உங்கள் மச்சான் ஆட வேண்டும்.

ஆகவே 'வழி தவறான்' என்ற விதியை நீக்கிவிட்டு 'தடம் வாசித்தல்' என்று ஒன்றை எழுதுங்கள். காடோடி இரண்டு பகடையை உருட்டித் தன் 2 ஐக் கூட்டட்டும். மொத்தம் 10 அல்லது அதற்கு மேல் என்றால் மூன்று கேள்விகள். 7 முதல் 9 வரை என்றால் இரண்டு. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் ஒரு கேள்வி, ஆனால் நேரமோ சத்தமோ காயமோ ஏதாவதொரு விலையை நீங்கள் வாங்கிக்கொள்ளலாம். கேட்கக்கூடியவை: கடந்தது எது, எத்தனை, எப்போது, எந்த நிலையில், எங்கே போகிறது. விடை ஒவ்வொன்றும் உண்மையாக இருக்க வேண்டும். அதை நம்பிச் செய்யும் முதற் செயலுக்குக் குழுவில் யாராவது ஒருவர் 1 கூட்டிக்கொள்ளலாம். சேதம் கூட்டுவதைவிட இது நல்லது, ஏனென்றால் வீரனின் வாளுக்குக் காடோடி போட்டியாக நிற்காமல் துணையாக நிற்பான். 36 இல் 6 தடவை மட்டுமே விலை கொடுக்க நேரும். மற்ற 30 தடவையும் இரண்டு கேள்விக்கும் மூன்று கேள்விக்கும் சரிபாதியாகப் பிரியும்.

நகரத்திலும் தடம் உண்டு. துறைமுகத்து மண்ணில் வண்டிச் சில்லின் தடம் போகும்போது ஆழமாகவும் வரும்போது மேலோட்டமாகவும் இருந்தால், சுமை எங்கோ இறக்கப்பட்டிருக்கிறது.

கேட்டவர்

நானா, வாப்பாவின் கயிற்றை அப்படியே விளையாட்டுக்குள் கொண்டுவரப் போகிறேன். ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. நிலத் தேர்வையே எடுத்துவிட்டால், காடோடிக்கும் தடம் பார்க்கத் தெரிந்த கள்வனுக்கும் என்ன வேறுபாடு?

பதில் (தம்பலகாமத்திலிருந்து)

தம்பி, நான் பாடசாலையில் தமிழ் படிப்பிப்பவள். என் பிள்ளைகள் இந்த விளையாட்டை ஆடுவதால் இந்த இழையைப் படித்தேன். நிலத்தைத் தேரச் சொன்னீர்கள், ஆனால் பொழுதை விட்டுவிட்டீர்கள். நம் திணை இலக்கணத்தில் முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு என்று ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு சிறுபொழுது உண்டு. காடோடி ஒரு திணையைத் தேரட்டும். ஆனால் அவனுக்குக் கிடைப்பது அந்தத் திணையின் பொழுதாக இருக்கட்டும். முல்லையைத் தேர்ந்தவனுக்கு எந்த நிலத்தில் நின்றாலும் மாலை நேரத்தில் ஒரு கேள்வி கூடுதலாகக் கிடைக்கும். அப்போது துறைமுக நகரிலும் அவன் மாலைக்காகக் காத்திருப்பான். குழுவும் திட்டத்தை அந்த நேரத்துக்கு ஏற்ப அமைக்கும். கள்வனுக்கு இது கிடையாது. எற்பாடு என்பது பொழுது சாயும் நேரம். உப்புவெளிக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறதே தவிரக் கடலில் விழுவதில்லை, ஆகையால் உங்கள் உலகின் கரை கிழக்குப் பார்த்ததாக இருந்தால் நெய்தலுக்கு விடியலைக் கொடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

பாலையை மட்டும் தேர விடாதீர்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து பாலையாகின்றன என்பதே மரபு. பாலை ஒரு நிலைமை. மழை பொய்த்தாலோ படை நடந்தாலோ எந்த நிலத்தையும் நீங்கள் பாலையாக்கலாம். அங்கே உணவுச் செலவு இரட்டிப்பாகும், யாருக்கும் கூடுதல் கேள்வி கிடையாது. நிலம் திரியத் தொடங்கும்போது ஒரு நாள் முன்னதாக அறிபவன் காடோடி ஒருவனே.

பதில் (மூதூரிலிருந்து)

நாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதற்குத் தனி முறையும் உயிர்ப்புள்ளியும் வேண்டாம். நாய் பக்கத்தில் இருந்தால் குழுவை யாரும் பதுங்கியிருந்து தாக்க முடியாது என்று எழுதுங்கள். அது போதிய வலிமை. விலையும் இருக்கட்டும்: காட்டில் நாய் ஒரு விலங்கைக் குரைத்துச் சீண்டிவிட்டுப் பயந்தால் எசமானை நோக்கியே ஓடிவரும், விலங்கும் பின்னால் வரும். ஆகவே பகடை இரண்டிலும் 1 விழுந்தால் நாய் ஆபத்தைக் கூட்டிக்கொண்டு வரும். அடிபட்டால் ஓடி மறைந்து, மறுநாள் காலையில் நொண்டியபடி திரும்பட்டும். செத்துவிடும் என்ற பயம் போய்விட்டால் உங்கள் மச்சான் அதை முன்னே விடுவார்.

கேட்டவர் (அடுத்த ஞாயிறு)

நேற்று ஆடிப் பார்த்தோம். அதே நான்கு நாள் பயணத்தை மீண்டும் தொடங்கினோம். இரவு ஒன்பது மணிக்கு இரண்டாம் நாளைத்தான் முடித்திருந்தோம். மச்சான் முல்லையைத் தேர்ந்திருந்தான். ஓடைக்கரையில் ஒரு பெருந்தடத்தைக் கண்டபோது மூன்று கேள்விகள் கிடைத்தன. அது முன்கால் நொண்டும் தனியன் யானை என்று அறிந்ததும், ஓடையைக் கடக்காமல் மாலை வரை காத்திருப்போம் என்று அவனே சொன்னான். வீரனை ஆடுபவர் அந்த 1 ஐத் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். அக்காவின் பாலை விதியை மூன்றாம் நாளுக்கு வைத்திருக்கிறேன்.

ஒரு குறை தெரிகிறது. ஒரே தடத்தின்மேல் அவன் திரும்பத் திரும்ப உருட்டி, ஐந்து கேள்விக்கும் விடை எடுத்துவிடுகிறான்.

பதில் (கிண்ணியாவிலிருந்து)

ஒரு தடத்தை ஒரு தடவைதான் வாசிக்கலாம் என்று எழுதுங்கள், தம்பி. மறுபடி உருட்ட வேண்டுமானால் புதிய அடையாளம் ஒன்று கிடைக்க வேண்டும்: முறிந்த கொப்பு, மரத்தில் உரசிய சேறு, இலத்தி. அதைத் தேடிப் போவதற்கு ஒரு மணி நேரம் செலவாகட்டும். மழை பெய்தால் பழைய தடங்கள் அழிந்துவிடும். வாப்பாவும் மாரியில் விடியுமுன்பே பரணிலிருந்து இறங்கிவிடுவார்.