மழைக்காலத்தில் காயாத பசை: உள் அலங்கார வகுப்பு அனுபவங்கள்

குன்னூர்க்காரி:
உள் அலங்காரம் படித்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். முதல் ஆண்டில் செய்த ப்ராஜெக்ட்களில் மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்களேன். நானே தொடங்கிவைக்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்த வேலை, செருப்புப் பெட்டிக்குள் ஓர் அறை. அளவுத்திட்டம் 1:20. ஒரு சுவரில் ஜன்னல் வெட்ட வேண்டும். எதிர்ச் சுவரில் கண் வைத்துப் பார்க்க நாணயம் அளவுக்கு ஓர் ஓட்டை. மூடியைப் போட்டுவிட்டால் ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். என் பெட்டியின் உயரம் 11 செ.மீ. கணக்குப் போட்டால் கூரை 2.2 மீட்டர், ஏழேகால் அடி. “இவ்வளவு தாழ்வாகவா?” என்றார் ஆசிரியை. “எங்கள் எஸ்டேட் லைன் வீடே அப்படித்தான் மேடம், அடுப்புச் சூடு மேலே போய்த் தொலையாது” என்றேன். சிரித்துவிட்டார்.

குளிர் நிறங்கள் சுவரைப் பின்னுக்குத் தள்ளும், அறை பெரிதாகத் தோன்றும் என்று பாடத்தில் இருந்தது. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு நான்கு சுவரிலும் வெளிர்நீலத் தாள் ஒட்டினேன். ஜூலை மாதம். பசை காயவே இல்லை. சுவருக்கு வைத்த மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) பொரித்த அப்பளம் போல வளைந்துகொண்டது. நான் அழாத குறை. பாட்டி பெட்டியைக் கையிலிருந்து வாங்கி, அடுப்புக்கு மேல் விறகு காயவைக்கும் பரணில் ஏற்றிவிட்டார். காலையில் காய்ந்திருந்தது, கூடவே புகை வாசனை.

மதிப்பீட்டன்று வெளியே தேயிலைச் சரிவே தெரியாத பனிமூட்டம். ஆசிரியை பெட்டியை ஜன்னலோரம் வைத்து ஓட்டையில் கண் வைத்தார்; பிறகு என்னைப் பார்க்கச் சொன்னார். நான் ஒட்டிய நீலத்தைக் காணோம். சிலேட்டு நிறத்தில் ஏதோ ஒன்று இருந்தது. மேகத்துக்குள்ளிருந்து வரும் வெளிச்சத்தில் ஏற்கெனவே நீலம் தூக்கல், நிழலும் சரியாக விழாது. அதில் நீலச் சுவரையும் வைத்தால்? அறை பெரிதாகத்தான் இருந்தது, ஐஸ் பெட்டி போல. அவர் ஒன்றும் சொல்லாமல் மேசையிலிருந்த மஞ்சள் கோப்பு அட்டையைக் கத்தரித்துப் பக்கச் சுவரில் சாய்த்தார். என் தீப்பெட்டிக் கட்டிலின் விளிம்பில் லேசாக மஞ்சள் படிந்தது. அவ்வளவுதான், அறையில் யாரோ குடிவந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஏரிச்சாலை (கொடைக்கானல்):
அக்கா, என் கதை இருக்கையைப் பற்றியது. வீணாகும் பொருளில் ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னார்கள். பேரிக்காய்ப் பெட்டிப் பலகைகள் சும்மா கிடந்தன. உட்காரும் உயரம் 45 செ.மீ. என்று குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அப்படியே வைத்தேன். கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே தன் அளவு முறைக்கு 183 செ.மீ. உயர மனிதனை அடிப்படையாகக் கொண்டார் என்று அதே வாரம்தான் படித்திருந்தோம். எங்கள் அப்பத்தாவின் உயரம் 146. உட்கார்ந்தவர், “டேய், கால் தரையில் பாவலையேடா” என்றார். தொடையின் அடியில் பலகை விளிம்பு வேறு அழுத்தியிருக்கிறது. அன்றிரவே 36 செ.மீ. உயரத்துக்கு அறுத்துவிட்டேன். உயரம் தவறு என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். யாருக்காக அறுத்தேன் என்று எவரும் கேட்கவில்லை. அப்பத்தா இன்றும் அதில் உட்கார்ந்துதான் மலைப்பூண்டு உரிக்கிறார்.

மேல்தலையாட்டுமந்து:
எங்களை ஊட்டி தாவரவியல் பூங்காவின் மேற்புறத்தில் இருக்கும் தோடர் மந்துக்கு (தோடர் பழங்குடியினரின் சிற்றூர்) அளவெடுக்க அழைத்துப் போனார்கள். பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரியான மூங்கில், பிரம்பு, புல் வேய்ந்த குடில். வாசல் மூன்றடி இருந்தாலே அதிகம்; தவழ்ந்துதான் நுழைய வேண்டும். ஏழடிக் கதவு வரைந்து பழகிய கைகளுக்கு அதைத் தாளில் குறிக்கவே மனம் வரவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, வெளியே அறைந்துகொண்டிருந்த காற்று உள்ளே இல்லை.

வெளியே ஒரு பெரியம்மா வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்துகொண்டிருந்தார். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு அது. துணியில் கோடு கிடையாது, புள்ளி கிடையாது. இழையை எண்ணி எண்ணி ஊசி போகிறது. எங்கள் கட்டத்தாளை வாங்கிப் பார்த்தார். “இதுக்குத் தாள் எதுக்குப் பாப்பா?” என்று திருப்பித் தந்தார். அன்று நாங்கள் வரைந்த குடிலின் குறுக்குவெட்டுப் படத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மஞ்சூர் பையன்:
எனக்கு வண்ணச் சக்கரம்தான். மூன்று நிறங்களைக் குழைத்துப் பன்னிரண்டு நிறங்களை வட்டமாகத் தீட்ட வேண்டும். தேயிலைக் கொழுந்தின் பச்சை எளிதில் வந்துவிட்டது. முற்றிய இலையின் பச்சைக்கு ஒரு சொட்டுச் சிவப்பு விட வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. குன்னூர் அக்கா, அந்தப் பெட்டி இன்னும் இருக்கிறதா? என்னுடையதெல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டது.

குன்னூர்க்காரி:
இருக்கிறது தம்பி, அதே பரணில். பூஞ்சை அண்டவில்லை. போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தேன். நீலத் தாள் புகை குடித்துக் குடித்துப் பால் கலந்த டீயின் நிறத்துக்கு வந்திருக்கிறது.