கலைச்சொல்: 'கறைக் கண்ணாடி', ஈயக்காடி, சுடுமை

> சிவனைக் கறைமிடற்று அண்ணல் என்கிறோம். கறை என்றாலே அழுக்கு அல்லவே. stained glass என்பதற்குக் 'கறைக் கண்ணாடி' இருந்துவிட்டுப் போகட்டும்.

செய்யுளில் சரி. இங்கே இடிப்பது பொருள். இங்கிலாந்தின் கேன்டர்பரி பேராலயத்தில், நோய் தீர்ந்த அற்புதங்களைச் சொல்லும் 'அற்புதச் சாளரங்களை'ப் பாருங்கள். 1170இல் கொல்லப்பட்ட பேராயர் தாமஸ் பெக்கெட்டைத் தேடி வந்த யாத்திரிகர்கள், பக்கச் சுவரில் துளைகள் விட்ட அவரது கல்லறை, சித்தம் கலங்கிக் கட்டி இழுத்துவரப்பட்டவர் தெளிந்து நிற்பது எல்லாம் அவற்றில் உண்டு. அவரது எச்சங்களை வைத்திருந்த திருப்பேழை 1538இல் அழிக்கப்பட்டது. கண்ணாடியில் அத்தலத்தின் கதை மிஞ்சியது. ஆனால் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் முடிந்த அந்த வேலையில் சாயமேற்றலே கிடையாது. கோபால்ட் சேர்த்து நீலம், செம்பு சேர்த்துச் சிவப்பு. உலையில் உருகும்போதே நிறம் பிடித்துவிடும். வெள்ளிச் சேர்மம் பூசிச் சுட்டு மஞ்சளாக்குவது 14ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவில் பரவியது. துணிக்குள் சாயம்போல வெள்ளி கண்ணாடிக்குள் இறங்குவதால் அதை மட்டும் 'வெள்ளிச் சாயம்' எனலாம். மொத்தத்துக்கு 'வண்ணக் கண்ணாடிச் சாளரம்' போதும்.

முகம், ஆடை மடிப்புக் கோடுகள் வேறு சங்கதி. இரும்பு அல்லது செம்பு ஆக்சைடோடு கண்ணாடித் தூளை அரைத்துத் தீட்டி, சுமார் 650 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள். சூடு போதாவிட்டால் கோடு கண்ணாடியோடு உருகிச் சேராது. நாளடைவில் உதிர்ந்து முகமில்லாத யாத்திரிகர் நிற்பார். இதை 'வண்ணப்பூச்சு' என்றால் சுவருக்கு அடிப்பதுபோல் ஆகிவிடும். சுடுமண் மாதிரி 'சுடுமை' என்று வைக்கலாமே.

> துண்டுகளைக் கோக்கும் ஈயப் பட்டைக்கு 'ஈயக்காடி'? இருபுறமும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுத்ததுதானே.

தச்சர் சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் காடி என்றால் வினிகரும்தான். அதே பட்டறையில் சுடுமையைக் குழைப்பதும் வினிகரில்! போதாக்குறைக்கு ஈயத்தைக் காடி ஆவியில் வைத்தெடுப்பது ஈய வெள்ளை. படிப்பவர் அங்கே போய்விடுவார். 'ஈய வரிச்சு' என்பேன்.

> வரிச்சு கூரை ஓடுகளைத் தாங்கும். ஈயம் வளையுமே?

வரிச்சும் தானாக நிற்பதில்லை, கூரையின் சாய்வு மரமான கைமரத்தில் கட்டியே நிற்கிறது. இங்கே கைமரம் குறுக்கே போகும் இரும்புக் கம்பி. ஈய வரிச்சில் பற்றவைத்த செம்புக் கம்பியை அதில் முறுக்கிக் கட்டுவார்கள். கட்டு விட்டால் காற்றழுத்தத்தில் பலகம் உப்பிக் கண்ணாடி விரிசல் விடும்.

இடுக்கில் திணிக்கும் சுண்ணத்தூள், ஆளிவிதை எண்ணெய்ப் பிசைவுக்கும் சொல் தேட வேண்டாம். அது மக்கு.