மறு: வல்லாரை: நிழல்விரும்பியா, நிழல்தாங்கியா?

> வல்லாரை வளர்ப்புக் குறிப்பில் 'நிழல்விரும்பிச் செடி' என்றே போட்டுவிடலாமே ஐயா?

வேண்டாம் என்பேன். 'விரும்பி' என்று படித்தவர் தொட்டியை மாடிப்படிக்கு அடியில் கொண்டுபோய் வைப்பார். அங்கே வல்லாரை உடனே சாகாது, ஏமாறுவது அதனால்தான். காம்பு நீண்டு சாயும், இலை வெளிறும், ஓடுதண்டு (தரையில் படர்ந்து கணுவில் வேர்விடும் தண்டு) விடுவது குறையும். ஏரிக்கரைச் சேற்றில் முழு வெயிலிலும் இதே செடி படர்கிறது. இலை சிறுத்துத் தடித்து, காம்பு செம்மை தட்டியிருக்கும், அவ்வளவுதான். அது கேட்பது ஈரம். வேலூர்க் கத்திரி வெயிலில் மேல்மண் ஈரம் நிற்காது, அதனால் நிழல் கொடுக்கிறோம்.

நிழலை விரும்பாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் செடிக்கு, இடிதாங்கி, சுமைதாங்கி வரிசையில் 'நிழல்தாங்கி' என்பது என் பரிந்துரை.

> நிழல்தாங்கி என்றால் எனக்குப் பந்தக்கால்தான் நினைவுக்கு வருகிறது. கொடிக்காலில் வெற்றிலைக்கு நிழல் தரும் அகத்தியையும் அப்படிச் சொல்லிவிடலாம். 'பொறு' என்பதிலிருந்து ஆக்கினால்?

ஆக்கலாம், ஆனால் யாராவது 'நிழல்பொறுக்கி' என்று எழுதிவைப்பார்கள். பந்தக்கால் மறுப்பு சரிதான், ஒப்புக்கொள்கிறேன். விவசாயிகள் ஏற்கெனவே 'வறட்சி தாங்கும் ரகம்' என்கிறார்கள். அந்த வழியில் 'நிழல் தாங்கும் செடி' என்போம். பண்பைக் குறிக்க 'நிழல் தாங்குதிறன்'. சொல்லோடு குறிப்பையும் இப்படித் திருத்தலாம்:

"வல்லாரை: பல்லாண்டுச் செடி, நிழல் தாங்கும். ஓடுதண்டில் வேர்விட்ட இரண்டு மூன்று கணுக்களோடு நறுக்கி, ஒரு சாண் இடைவெளியில் கணு மண்ணில் பதிய, இலை வெளியே நிற்க நடவும். அரையடி ஆழமுள்ள அகலத் தொட்டி போதும்: செம்மண் 2 பங்கு, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1. காலை 10 மணிவரை வெயில், பிறகு மர நிழல் அல்லது 50 சதவீத நிழல்வலை. சுமார் 90 நாளில் முதல் அறுப்பு; இலையைக் காம்போடு கிள்ளவும், ஓடுதண்டை இழுக்கக் கூடாது."

> தண்ணீரையும் சேருங்கள். வெயிலில் இருந்த தொட்டிக்கு ஊற்றிய அதே அளவை நிழலுக்கு மாற்றிய பிறகும் ஊற்றினால் மண் காயாது; கணு கறுத்து அழுகும், இலைப்புள்ளி வரும். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து ஊற்றச் சொல்லலாம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் கிணற்று நீர் உப்பாக இருந்தால் இலை விளிம்பு கருகும். அதை வெயில் கருகல் என்று நினைத்து இன்னும் இருட்டுக்குள் தள்ளுவார்கள். தோல் பதனிடும் ஆலைக் கழிவு கலந்த மண் என்றால் வளர்க்கவே வேண்டாம். குரோமியம் போன்ற உலோகங்களை வல்லாரை உறிஞ்சிக்கொள்ளும், நாமோ அதைப் பச்சையாகத் துவையலுக்கு அரைக்கிறோம்.

சேர்த்துவிட்டேன். ஆனால் 'ஒரு கணு ஆழம்' வேண்டாம், 'ஓர் அங்குலம்' என்று மாற்றியிருக்கிறேன். மேலே கணு என்றாலே செடியின் கணு. ஒரே குறிப்பில் விரலுக்கும் அதே சொல் வந்தால் குழப்பம்தான்.