காலனியக் கால நாவல்களில் சேரியும் சிலுவையும்

தாமிரபரணி:
வெள்ளைக்காரர் காலத்தைப் பற்றி எழுதும் நாவல் என்றாலே ஒரே வார்ப்பு. பஞ்சம் வருகிறது, பாதிரியார் கஞ்சி ஊற்றுகிறார், சேரி ஞானஸ்நானம் பெறுகிறது, அத்தோடு சாதிக் கதை முடிந்துவிடுகிறது. உண்மையில் அதன்பிறகுதான் கதையே ஆரம்பம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1872இல் கட்டும்போதே கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி இரண்டு கூடங்கள். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடார், நடுவே சுவர். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும். பூசை காண வந்தவர்களுக்கு ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இதைவிட ஒரு காட்சி நாவலாசிரியருக்கு வேண்டுமா?

குமரிக்காரன்:
அந்தச் சுவரை 1910இல் இடித்ததும் அதைக் கட்டிய சேசு சபையின் (கத்தோலிக்கத் துறவியர் சபை) சாமியார் ஒருவர்தான். எதிர்த்து வழக்காடியவர்கள் உயர்நீதிமன்றத்தில் தோற்றார்கள். பாதியைச் சொல்லி மீதியை விட்டால் எப்படி? எங்கள் தென் திருவிதாங்கூர்ப் பக்கம், மார்பை மறைத்துத் தோள்சீலை போட்ட நாடார் பெண்களைச் சந்தையில் மறித்து, சீலையைக் கிழித்தார்கள். குப்பாயம் என்ற மேல்சட்டையைத் தைத்துப் போடப் பழக்கியவர்கள் மிஷனரிகளின் மனைவிமார். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது, அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்ணின் கண் வழியாக எழுதினால் பாதிரியார் நல்லவராகத்தான் தெரிவார். அதைப் பிரச்சாரம் என்று தள்ளாதீர்கள்.

தாமிரபரணி:
தள்ளவில்லை அண்ணே. ஆனால் அந்தச் சுவரை எழுப்பியதும் அதே சபைதானே? 38 வருஷம் அதன் இருபுறமும் முழந்தாளிட்டவர்கள் எங்கே, நாவலில்?

காவிரிக்கரை:
இரண்டு பேருமே வெள்ளைப் பாதிரியாரைச் சுற்றித்தான் வருகிறீர்கள். 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரில் பெரிய கொந்தளிப்பு. யார் எங்கே உட்காருவது, நற்கருணைக் கிண்ணத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதுதான் சண்டை. வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் வெளியேறினார்கள். எதிர்த்து நின்றவர்களில் வெள்ளாளக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர்! இயேசுவை அப்படி உருகிப் பாடிய மனிதர், ஒரு பறையருக்குப் பின்னால் அந்தக் கிண்ணத்தை வாங்கும் முறைக்கு ஏன் இணங்கவில்லை? வில்லனாக்காமல், வெள்ளையடிக்காமல் அவரை யாராவது எழுதிக் காட்டட்டும். நம் மொழியில் அதற்குத் துணிச்சல் வேண்டும்.

குமரிக்காரன்:
சாஸ்திரியாருக்கு நாவல் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. எங்கள் குமரிப் பக்கத்து மயிலாடி வேதமாணிக்கத்துக்கு எப்போது வரும்? பறையர் குலத்தில் பிறந்தவர். தாமே தஞ்சாவூர் போய் வேதத்தைக் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று, ஊருக்கு மிஷனரி வேண்டும் என்று கேட்டவர். ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தது அதன்பிறகுதான். கஞ்சிக்குக் கை நீட்டி மதம் மாறியவர்கள் என்று எழுதுகிறவர்கள் இவரை எந்த அத்தியாயத்தில் வைப்பார்கள்?